சிலுவை போடாமல் எழுதுகிறேன்

பிரகாசம்,

கடுதாசி எழுத உட்கார்ந்தால் தாளின் தலையில் முதலில் ஒரு சிலுவை, அதற்குக் கீழே சேசு மரி சூசை, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று மடத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்றுபோனாலும் அதை மட்டும் நான் விட்டதில்லை. உனக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்தத் தாளில் அதைப் போடவில்லை. மறந்துபோய் விட்டேன் என்று நினைக்காதே. நல்லா இருக்கிறாயா என்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டேன். இன்னொருத்தர் கை வழியாக வந்தால் சூடு ஆறிப்போகும். நான் எழுத்துப் பழகியது ஜெபப் புத்தகத்தைப் பார்த்து. அதனால் எழுத்து கோவில் எழுத்து மாதிரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மா சாந்தமாக எழுதியிருக்கிறாள் என்று ஏமாந்துவிடாதே.

திருவொற்றியூரிலிருந்து ஸ்டெல்லாவின் அம்மா வந்து போனாள். நல்ல பொம்பளை. உட்காரச் சொல்லவில்லை, தானாகவே உட்கார்ந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் உங்கள் ஓலை வாசிக்கப் போகிறார்கள் என்று சொன்னாள். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அது எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லவா அவள் இவ்வளவு தூரம் வந்தாள்? போகிறபோதுதான் வாயைத் திறந்தாள். "கல்யாணத்தன்னிக்கி காலைல மாப்ள இந்த வூட்டுலேர்ந்துதான் கெளம்பணுமாம். நீங்க நெத்தில சிலுவ போட்டுத்தான் அனுப்பணுமாம். போடுவாங்களான்னு கேட்டுகினு வரச் சொன்னாரு" என்றாள். பேப்பரில் எழுதுகிறவனுக்குத் தன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டியிருக்கிறது. நான் பதில் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினேன். பதில் இதில் இருக்கிறது. கடைசி வரைக்கும் படி. நடுவில் நிறுத்திவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முழங்காலில் விழாதே. நீ முழங்காலில் விழுவதைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் உடம்பு எரிகிறது.

உனக்கு பக்தி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எட்டு வயதில் பூசைக்கு உதவி செய்யப் போனாய். லத்தீனில் சாமியார் ஒன்று சொல்ல நீ ஒன்று சொல்வாய், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு எழுத்து பிசகினாலும் அன்றைக்குச் சாப்பிட மாட்டாய். பேப்பர் ஆபீசில் வேலைக்குப் போன பிறகு அந்தக் குணம் அதிகமாகத்தான் ஆனது. கொருக்குப்பேட்டையில் குடிசைகள் எரிந்த அன்றைக்கு நீ சட்டையெல்லாம் கரியோடு வந்தாய். சோற்றைப் பிசைந்துவிட்டு வைத்துவிட்டாய். என்னடா என்று கேட்டேன். "ஒரு கெழவி பேர ரெண்டு பேரு ரெண்டு விதமா சொல்றாங்கம்மா. தப்பா எழுதிட்டா பாவம். நாளைக்கி அந்தப் பேருக்குத்தான் எல்லாரும் அழுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். பேரைச் சரியாகக் கேட்டுக்கொண்டு வந்துதான் சாப்பிட்டாய். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதவே பிடிக்கவில்லை, ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

செய்தி எழுதும் தாளிலும் நீ தலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவாய். ஆபீசில் உன்னை கேலி செய்வார்களாம். "இன்னா ஃபாதர், இன்னிக்கி யார அடக்கம் பண்றீங்க?" என்று கேட்பார்களாம். நீ வந்து சொல்லும்போது உன் நைனா விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த நாளே அதை ஹார்பர் முழுக்கச் சொல்லிவிட்டு வருவார். அவருக்குத் தன் பேரை எழுத வராது. ஆனால் உன் எழுத்து வந்த தாளில் ஒரு நாளும் கருவாடு மடிக்க விடமாட்டார். தன் தோஸ்து தொம்மையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சோற்றுப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போவார். கிரேனுக்குக் கீழே நின்று மூட்டை இறக்குகிற கூட்டத்தில், "எம்புள்ள மேல சிலுவ போட்டுத்தான் பேனாவ வைப்பான். அதுல பொய் வராது" என்று சொல்லிக்கொள்வார். உன்னை வேலையில் நிரந்தரம் செய்யாமல் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார்களே, அந்தக் காலத்தில்தான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். என் மகனை உறுதியான நிருபராக ஆக்கிக் கொடு, உன் திருவிழாச் சப்பரத்துக்கு இதுவரைக்கும் யாரும் வைக்காத உயரத்தில் ஒரு கிரீடம் வைக்கிறேன் என்று. எதற்கு இதை எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்காக நேர்ந்த நேர்ச்சை அது. உன் பேனாவுக்காக.

வேலை உறுதியானது. தகரத்தை வெட்டி, கண்ணாடிச் சில்லு பதித்து, இரும்புக் கம்பியில் கட்டி, கிரீடத்தை அவரே உட்கார்ந்து செய்தார். நம் வீட்டு வாசலில் நிற்க வைத்தால் உள்ளே வர முடியாது, படுக்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், அவ்வளவு உயரம். சப்பரம் போகிற தெருக்களில் குறுக்கே போகிற கரண்டு ஒயரை கவை போட்ட மூங்கிலால் தூக்கிப் பிடிக்கிற வேலை எத்தனையோ வருஷமாக உன் நைனாவுடையதுதான். சப்பரத்துக்கு முன்னால் மேலேயே பார்த்துக்கொண்டு நடப்பார். தலைக்கு மேலே சுமை தொங்குகிற இடத்தில் வேலை செய்கிறவர், அவர் கண்ணுக்கு ஒயர் தப்பாது என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த வருஷம் அவர் ஒயரைப் பார்த்ததைவிட கிரீடத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அன்று மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. ஐஸ் பேக்டரி திருப்பத்தில் ஒயர் தொய்ந்து கிடந்தது. பொம்பளைகளோடு மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் கேட்டது. தொம்மைதான் சப்பரத்தை நிறுத்தச் சொன்னார். திருவிழாக் கமிட்டிக்கு அவர் பெரியவர், வேலையிலும் உன் நைனாவுக்கு மேஸ்திரி, அதையெல்லாம்விட சின்ன வயதிலிருந்து தோஸ்து.

"டேய் சவரி, ஒயரு ரொம்ப கீய தொங்கிகினு கீதுடா. கிரீடத்த கயிட்டிடலாம். இந்தத் திருப்பம் தாண்டினப்புறம் திரும்ப மாட்டிக்கலாம்."

"மாதா தலைல வச்சத நடுத்தெருவுல கயிட்டறதா? இன்னா மாமு பேசற நீ?"

"போன வருசம் இவ்ளோ ஒசரம் இல்லடா. சொன்னா கேளு."

"நான் தூக்கறேன் ஒயர. நீ தோள குடு, போதும். மாதா பாத்துக்குவா."

மூங்கிலை ஊன்றி ஒயரைத் தூக்கினார். போதவில்லை. பின்னால் தோள் கொடுத்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, அவர்கள் நடந்துவிட்டார்கள். ஒயர் நழுவி கிரீடத்தின் மேல் விழுந்தது. உன் நைனா மூங்கிலைப் போட்டுவிட்டு சப்பரத்தின் மேல் தாவி, கையாலேயே கிரீடத்தைப் பிடுங்கப் போனார். தெரு முழுக்க விளக்கு அணைந்தது. என் கையிலிருந்த மெழுகுவத்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நீ ஆம்பளைகள் வரிசையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தவன், ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். உனக்கும் எல்லாம் தெரியும். நீயும் அங்கேதான் இருந்தாய். பின்னே எதற்கு உனக்கே திரும்பச் சொல்கிறாள் என்று நினைப்பாய். நானும் நீயும் இதை ஒரு நாளும் உட்கார்ந்து பேசவில்லை, அதனால் சொல்கிறேன். இவ்வளவு நாளில் ஒரு நாள், ஒரு வார்த்தை, நானும் நீயும் முகத்துக்கு முகம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொன்ன பிறகு வராந்தாவில் என்னை உட்கார வைத்துவிட்டு, "அம்மா, ஆபீஸ் வரைக்கும் போயி லீவு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாய். போனாய். வந்தாய். வந்து என் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் முழங்காலில் நின்று ஜெபமாலையில் துக்க தேவரகசியம் சொல்ல ஆரம்பித்தாய். நான் பதில் சொன்னேன். அங்கே படுத்திருந்தவர்களின் ஆட்கள், முஸ்லிம் அம்மா ஒருத்தி, எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவ்வளவு உருக்கமாகச் சொன்னாய். என் மகன் இருக்கிறான் என்று நினைத்தேன். காலையில் தொம்மை பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. உன் மேல் விட்டெறிந்தார். "இன்னாடா எழுதி வச்சிருக்க? பெத்த அப்பன்டா அவன்!" நீ குனிந்து நின்றாய். கீழே கிடந்ததை நான்தான் எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. இராயபுரத்தில் சப்பரத்தில் மின்சாரம் பாய்ந்து துறைமுகத் தொழிலாளி சவரிமுத்து மரணம். அது வரைக்கும் சரி. அதற்குக் கீழே இருந்தது இன்னும் எனக்குப் பாடம்: மற்றவர்கள் எச்சரித்தும் கேளாமல், தம் நேர்ச்சைக்காக அவரே பொருத்திய உயரமான கிரீடமே விபத்துக்குக் காரணம் என்று தெரிகிறது.

தெரிகிறது. யாருக்குத் தெரிகிறது? எழுதியவன் பேர் எங்கே என்று தேடினேன். நமது நிருபர் என்று போட்டிருந்தது. நமது நிருபருக்கு அப்பன் கிடையாது, அம்மா கிடையாது. நமது நிருபர் யார் மடியிலும் யார் தலையையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. என் பக்கத்தில் முழங்காலில் நின்றவன் யார் அப்போது? ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை என்னோடு சொல்லி முடித்தவனுக்கு, அந்த வரி அச்சாகிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். தெரிந்துகொண்டே அருள் நிறைந்த மரியே என்று சொன்னாய். நான் பதில் சொன்னேன். என்னைப் பதில் சொல்ல வைத்தாய். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து நீ சொன்ன நியாயத்தையும் நான் மறக்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொன்னாய். ஆபீசுக்கு முன்னாடியே சேதி வந்துவிட்டதாம், சப்பரம் தூக்கியவர்கள் குடித்திருந்தார்கள், ஆடிப்போய் ஒயரில் மோதினார்கள் என்று. "அப்படியே போட்டிருப்பாங்கம்மா. நான் போயி அத்த அடிச்சிட்டு நடந்தத எழுதினேன்" என்றாய். சரி, குடித்தார்கள் என்பதை அடித்தாயே, அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா, ஒயர் தொங்கியது, ஆள் போனான் என்று? "பாதி எழுதினா அந்தப் பாதியும் பொய்யாயிடும்மா. மத்தவங்க அப்பன பத்தி முழுசா எழுதறவன் எங்கப்பன பத்தி மட்டும் எப்பிடி பாதி எழுதறது? அப்புறம் நான் எந்த மூஞ்ச வச்சுகினு நன்ம வாங்கறது?" என்றாய். கர்த்தரை நாக்கில் வாங்குவதற்காக அப்பனைத் தெருவில் போட்டாய் என்று நான் கத்தினேன். கர்த்தர் கொடுத்த பத்துக் கற்பனையில் நாலாம் கற்பனை என்னடா சொல்லுது என்று கேட்டேன். பிதா மாதாவைச் சங்கித்திருக்கச் சொல்லுது என்றாய். "எட்டாவதும் அதே பலகைலதாம்மா கீது, பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு" என்றாய். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் பக்கத்தில் அறை பார்த்துப் போய்விட்டாய். கற்பனைகளை நம்பர் போட்டு அம்மாவிடம் வாதாடுகிற பிள்ளை. உன்னை கோவிலுக்கு அனுப்பி வளர்த்ததற்கு இதுதான் பலன் என்று இருந்தது.

நீ போய்விட்டாய். இந்தத் தெருவில் இருந்தவள் நான். நம் ஊர் தண்ணீர்க் குழாயடி உனக்குத் தெரியும். உன் பேப்பரை அங்கே ஒருத்தியும் வாங்க மாட்டாள், ஆனால் அந்த ஒரு வரி எல்லாருக்கும் பாடம். "நேந்துகினு செத்தாம்பாரு, அவன் வூடு" என்று அடையாளம் சொல்ல ஆரம்பித்தார்கள். கொஞ்சம் நல்லவர்கள் வேறு மாதிரி வந்து சொன்னார்கள், மாதா காலடியில் போனார், யாருக்குக் கிடைக்கும் அந்தச் சாவு என்று. அவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் வெறி வந்தது. உங்கள் வீட்டுக்காரரை அனுப்பி வையுங்களேன் அந்தச் சாவுக்கு என்று ஒருத்தியிடம் கேட்டே விட்டேன். அவள் அதோடு பேசுவதில்லை. கிரீடத்தைக் கமிட்டிக்காரர்கள் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன். முனை கருகிப் போயிருக்கிறது. பூசைக்குப் போகிறேன், தூணுக்குப் பின்னால் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் மாதா சுரூபம் தெரியாது. அவளும் என்னைப் பார்க்க வேண்டாம். நீ வாசலோரத்தில் நின்று பூசை பார்த்துவிட்டு, நன்மை வாங்கிக்கொண்டு, நான் திரும்புவதற்குள் போய்விடுவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? உன் இருமலை எனக்குத் தெரியாதா?

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். யாராவது உன் காதில் போட்டிருந்தால், தப்பாகத்தான் போட்டிருப்பார்கள். திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவதற்கு முன்னால் தொம்மை வந்தார், கூட கமிட்டி ஆள் இரண்டு பேர். எதிர்வீட்டு, பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் வாசலில் நின்றுகொண்டார்கள். கிரீடத்தைத் திருப்பிக் கொடு தங்கச்சி, சரிபண்ணி இந்த வருஷமும் வைக்கிறோம் என்றார். வைக்காவிட்டால் சவரி வைத்தது தப்பு என்று ஆகிவிடும், அவன் பேர் கெட்டே கிடக்கும் என்றார். போலீசில் கேள்வி கேட்கிறார்களாம். அதற்காகப் பிரகாசத்தை விட்டு பேப்பரில் இன்னொரு தரம் எழுதச் சொல்ல வேண்டுமாம், காத்து அடித்து ஒயர் விழுந்தது, கிரீடத்தால் இல்லை என்று.

"நீ சொன்னா கேப்பான். அம்மா இல்ல?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார். "என் தோஸ்து பேரு நாறுதும்மா, தாங்கல" என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை மாதம் நான் ஏங்கிக் கிடந்தேன் தெரியுமா? உன் நைனா மேல் தப்பு இல்லை என்று ஒரு ஆள் சொல்ல மாட்டானா என்று. வந்து சொல்கிறார்கள். ஆமாம் அண்ணே, காத்துதான் என்று நான் தலையாட்டினால் போதும். வாசலில் நிற்கிற ஜனமும் தலையாட்டியிருக்கும். ஆனால் சப்பரத்துக்கு முன்னால் மூங்கில் பிடிக்க இந்த வருஷம் யார் என்று கேட்டேன். பின்னால் நின்றவர்களில் ஒருத்தன், நேற்றுக் கல்யாணம் ஆன மாதிரி இருக்கிறான், நான்தான் என்றான். அவனைப் பார்த்தேன். அப்புறம் என் வாய் தானாகப் பேசியது.

"காத்து இன்னா காத்து? அன்னிக்கி என் மெழுகுவத்தி கூட அணையல. கிரீடத்த கயிட்டுன்னு நீதானே அண்ணே சொன்ன? எங்காதால கேட்டேன். அவரு கேக்கல. எம்புள்ள எழுதனது நெஜம். இப்ப இன்னாத்துக்கு வாய மாத்தற?"

தொம்மை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிரீடத்தைக் கொடுக்கவில்லை. இந்த வருஷம் மாதா தலையில் மல்லிகைச் சரம் மட்டும் வைத்து, சப்பரத்தைத் தாழ்வாகக் கட்டி, கரண்டு ஆபீசில் சொல்லி தெருத் தெருவாக நிறுத்திவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். அந்தப் பையன் மூங்கிலோடு முன்னால் நடந்தான். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டு நடந்தான்.

இதைப் படித்துவிட்டு உனக்குக் குளிர்ந்துபோயிருக்கும். அம்மா என் பக்கம் வந்துவிட்டாள் என்று. குளிராதே. நீ எழுதியது நிஜம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைத்தாயா? ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுத்துக் கூட்டியபோதே தெரியும். அவர் பிடிவாதம் உன்னைவிட எனக்குத் தெரியும், நான் அதோடு குடித்தனம் பண்ணியவள். நீ நிஜத்தை எழுதியதற்காக நான் உன்னோடு பேசாமல் இருக்கவில்லை. நாலு பேர் வாசலில் நிற்க, அவரை நேசித்தவர் முகத்தைப் பார்த்து, என் புருஷன் கேட்கவில்லை, அதனால் செத்தார் என்று சொன்னேன் பார், அப்போது என் வாய் வெந்தது. உள்ளே போய்க் குடம் தண்ணீரைக் குடித்தும் ஆறவில்லை. அப்போதுதான் நீ செய்ததன் அசிங்கம் எனக்கு முழுசாகப் புரிந்தது. நீ அந்த வேக்காடு படவில்லை. நமது நிருபர் என்று ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு, முகம் தெரியாத ஜனத்துக்குச் சொன்னாய். மணலியில் லாரி ஓட்டுகிறவனுக்கும் பேசின் பிரிட்ஜில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொன்னாய். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குச் சொல்லவில்லை. எனக்கு ஜெபமாலை சொன்னாய். நிஜத்தை அவர்களுக்கும் ஜெபத்தை எனக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாய். அதுதான் தப்பு. ஜெபத்தைத் தூக்கி வாயில் அடைத்து, பேச வேண்டியதைப் பேசாமல் தப்பித்தாய். கர்த்தர் பேரை வீணாகச் சொல்லாதே என்பது இரண்டாம் கற்பனை. உனக்கு நம்பர் போட்டுச் சொன்னால்தானே புரியும்.

உன் வேலையை விடு என்று ஒரு காலத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். சாமியாரும் ஜாடையாக அப்படித்தான் சொன்னார், அந்த வேலையில் இருந்துகொண்டு விசுவாசத்தைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று. சொல்ல மாட்டேன். கஷ்டம் வேலையில் இல்லை. எழுது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுது, சாமியாரைப் பற்றியும் எழுது, பயப்படாதே. ஆனால் எந்த வீட்டைப் பற்றி எழுதுகிறாயோ அந்த வீட்டில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். அச்சுக்குப் போகிற முன்னால் அவள் எதிரில் போய் உட்கார்ந்து, இதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. அவள் அடித்தால் வாங்கிக்கொள். மண்ணை வாரித் தூற்றினால் துடைத்துக்கொள். அதைச் செய்ய முடியாதவன் தாளில் சிலுவை போடக் கூடாது. ஸ்டெல்லாவுக்கும் சொல்லிவை. அவளுக்கு ஒரு கெட்ட சேதி வந்தால் அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். பேப்பர் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. இதை மட்டும் மாமியாராக நான் அவளுக்குக் கேட்டு வாங்குகிறேன்.

இன்னொன்று. நைனா இருந்திருந்தால் மன்னித்திருப்பார், பெருமைகூடப் பட்டிருப்பார் என்று நீ தொம்மையிடம் சொன்னாயாம். அப்படிச் சொல்லாதே. செத்தவரை உன் பக்கம் சாட்சிக்கு இழுக்காதே. மன்னிக்க வேண்டியவள் உயிரோடு இருக்கிறேன், என்னிடம் வா.

அன்றைக்கு நீ அந்தச் செய்தியை எழுதிய தாளிலும் தலையில் சிலுவை போட்டாயா? ராவும் பகலும் எனக்கு இந்தக் கேள்விதான். போட்டிருந்தால் எந்தத் தைரியத்தில் போட்டாய்? போடவில்லை என்றால், அது சரியில்லை என்று உனக்கே தெரிந்திருக்கிறது. இதற்கு நீ கடுதாசியில் பதில் எழுதக் கூடாது. ஸ்டெல்லாவின் அம்மாவிடம் சொல்லி அனுப்பவும் கூடாது.

ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை வா. பூசை முடிந்ததும் ஓடாதே. காலஞ்சென்ற சவரிமுத்துவின் குமாரன் என்று அந்தக் கோவிலில் அவர் பேரை எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கப் போகிறார்கள். அந்தப் பேரை இவ்வளவு நாள் கழித்து அங்கே கேட்கிறபோது நான் என்ன ஆவேனோ தெரியாது. தூணுக்குப் பின்னால்தான் இருப்பேன். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. பேனாவை வெளியில் வைத்துவிட்டு வா. கட்டிலுக்கு அடியில் இருப்பதை இழுத்து வெளியே எடு, நடுவில் வை. அதற்கு அந்தப் பக்கம் நீ உட்கார், இந்தப் பக்கம் நான் உட்காருகிறேன். சுவரைப் பார்க்காமல், என் மூஞ்சியைப் பார்த்து, ஊருக்கு எழுதினதை உன் வாயால் எனக்குச் சொல். நைனாதான் வைத்தார் அம்மா, சொல்லியும் கேட்கவில்லை அம்மா, எனக்காக வைத்தார் அம்மா என்று சொல். அந்தக் கடைசி வார்த்தையை நீ பேப்பரில் எழுதவில்லை, பிரகாசம். முழுசாக எழுதுகிறவன் அதை மட்டும் விட்டுவிட்டாய். அதைச் சொல்லி முடி. அப்போது நான் உன்னை அடிப்பேனோ, கட்டிக்கொள்வேனோ, இப்போது சொல்ல முடியாது.

சொன்னால், கல்யாணத்தன்று காலையில் இந்த வாசலிலிருந்து புறப்படு. அப்பன் இல்லாதவன் நெற்றிக்கு இருப்பது இந்த ஒரு கைதான், அது சிலுவை போட வரும். சொல்லாவிட்டால் திருவொற்றியூரிலிருந்தே கோவிலுக்குப் போய்க்கொள். நான் தடை சொல்ல எழுந்து நிற்க மாட்டேன், பயப்படாதே. தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுப் போவேன்.

இந்தத் தாளின் தலையில் இடம் விட்டிருக்கிறேன். வரும்போது இதை எடுத்துக்கொண்டு வா. சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு, அதை நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம்.

உன் அம்மா